இடது கைக்கு ஒரு மாதத் தவணை

என் மகள் பிறக்கும்போதே இடது கைக்காரியா, இல்லை நான்தான் அவளை அப்படி ஆக்கிவிட்டேனா? இதற்கு இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை. கைக்குழந்தையாக இருந்தபோது அவளை எப்போதும் என் இடது இடுப்பில்தான் தூக்கி வைத்திருப்பேன். என் வலது கை அடுப்பு வேலைக்கு வேண்டுமே. அப்படி உட்காரும் குழந்தையின் வலது கை என் முதுகுப் பக்கம் போய்விடும். இடது கை மட்டும் முன்னால் நீண்டு, கிண்ணம், கரண்டி, என் தாலிக்கொடி என்று எட்டியதை எல்லாம் பிடிக்கும். இதை நான் கண்டுபிடித்தபோது அவளுக்கு நான்கு வயது முடிந்திருந்தது. தலையணையை இடுப்பில் வைத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் அரை மணி நேரம் நின்றுதான் கண்டுபிடித்தேன். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

எண்பத்தொன்றாம் வருடம் அது. போடியில் ஏலக்காய்க் கமிஷன் கடை ஒன்றில் என் கணவர் வேலை பார்த்தார். நான் தபால் வழியாக உளவியல் படித்துக்கொண்டிருந்தேன். பாடங்கள் பழுப்பு உறையில் மதுரையிலிருந்து வரும். குழந்தை தூங்கும்போது படிப்பேன். அவள் விழித்ததும், படித்ததை வைத்து அவளைப் பற்றிப் பயப்படுவேன். ஞாபகசக்தி பற்றிப் பாடம் வந்தால் அவளுக்கு மறதி இருப்பதாகத் தோன்றும். தூக்கம் பற்றி வந்தால், அவள் ஏன் இப்படித் தூங்குகிறாள் என்று மூக்கின் அருகே விரலை வைத்துப் பார்த்து, அவளை எழுப்பிவிட்டுவிடுவேன்.

பக்கத்து வீட்டில் என் கணவரின் அக்கா இருந்தார். நான் மதினி என்று கூப்பிடுவேன். நல்ல மனது. ஆனால் மனதில் வந்தது வாயில் வர ஒரு நொடிகூட ஆகாது. ஒருநாள் என் மகள் இடது கையால் முறுக்கு வாங்குவதைப் பார்த்துவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"ஏத்தா, விஜயதசமிக்குப் பள்ளிக்கூடத்துல சேக்கணும். அங்க போயி பீச்சாங்கையால அரிசியில எழுதுச்சுன்னா நம்ம வீட்டைத்தான காறித் துப்புவாக? ஒரு மாசம் துணியச் சுத்தி வச்சாச் சரியாப் போகும். எங்க சின்ன மாமனாருக்கு அப்பிடித்தான் மாத்துனாக."

"அவர் இப்பவும் திக்கித் திக்கித்தானே பேசுறார், மதினி?"

"அது அவுக பொண்டாட்டியப் பாத்து வந்தது."

நான் உள்ளே போய் என் பாடத்தை மறுபடியும் எடுத்துப் புரட்டினேன். காரணம், அந்த வாரம் வந்த பாடம் மூளையைப் பற்றியது. மூளை இரண்டு பாதியாக இருக்கிறது, இடது பாதி வலது கையை நடத்துகிறது, வலது பாதி இடது கையை நடத்துகிறது, பேச்சு பெரும்பாலோருக்கு இடது பாதியில் இருக்கிறது என்றெல்லாம் எழுதியிருந்தது. கடைசியில் ஒரே ஒரு வரி: குழந்தையின் கைப்பழக்கத்தைக் கட்டாயப்படுத்தி மாற்றினால் பேச்சு தடுமாறலாம் என்று சிலர் கருதுகின்றனர், இது உறுதி செய்யப்படவில்லை. எழுதியவர் அந்த வரியை எழுதாமல் விட்டிருக்கலாம். அல்லது உறுதி செய்துவிட்டு எழுதியிருக்கலாம்.

முடிந்தால் ஏதாவது ஒரு விலங்கின் மூளையை நேரில் பார்க்கும்படி அதே பாடத்தில் போட்டிருந்தது. என் கணவர் கறிக்கடையில் சொல்லிவைத்து ஆட்டு மூளை வாங்கி வந்தார். அதை எவர்சில்வர் தட்டில் வைத்து, படத்தோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு இடத்திலும் ஈர்க்குச்சியில் சின்னக் காகிதம் குத்திப் பெயர் எழுதினேன். இரண்டு பாதியையும் இணைக்கும் வெள்ளைப் பட்டையைத் தேடிக்கொண்டிருந்தபோது மதினி உள்ளே வந்தார்.

"என்னத்தா, வெந்துருச்சான்னு குத்திப் பாக்குறியா?"

"இல்ல மதினி. படிக்கிறேன்."

"இதுல பேச்சு எந்தப் பக்கம் இருக்கு?"

"மனுசங்களுக்கு இடது பக்கம். ஆட்டுக்குத் தெரியல."

"அப்ப அந்தப் பக்கத்த எந்தம்பிக்கு வையி. வாயத் தொறக்க மாட்டேங்குறான். படிச்சு முடிச்சிட்டியா? வெரசா முடி, மிளகு அரைச்சு வச்சிட்டு வந்திருக்கேன்."

பத்து நிமிடத்தில் என் பாடம் வறுவலாகிவிட்டது. ஒரு காகிதத்தை எடுக்க மறந்துவிட்டேன் என்பது சாப்பிடும்போதுதான் தெரிந்தது. அது என் கணவரின் வாயில் வந்தது. அவர் அதை எடுத்துப் படித்துவிட்டு, தட்டின் ஓரத்தில் வைத்தார்.

துணி சுற்றும் பேச்சு அன்று மறுபடியும் வந்தது. நான் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "ஒரு மாசம் குழந்தையைக் கவனிச்சு எழுதுறேன். நிஜமாவே இடது கைதான்னு தெரிஞ்சா விட்டுடணும். இல்லைன்னா நீங்க சுத்துங்க" என்றேன். மதினி தம்பியைப் பார்த்தார். தம்பி வாயைத் துடைத்துக்கொண்டு, "சாம்பிள் பாத்துட்டுச் சொல்லுவோம்க்கா" என்றார். ஏலக்காய்க் கடைக்காரர் வீட்டில் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

மறுநாளே நோட்டுப் போட்டேன். ஒரு பக்கம் 'வ', ஒரு பக்கம் 'இ'. மூன்று வேளையும் அவள் சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்து கோடு போட்டேன். ஒரு வாரத்தில் 'வ' பக்கம் நிரம்பி வழிந்தது. 'இ' பக்கம் வெறிச்சோடிக் கிடந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. என் கணவர் நோட்டைப் புரட்டிப் பார்த்தார்.

"எப்ப எப்ப எழுதுன?"

"சாப்பிடுறப்ப."

"அது மூட்டையோட வாயி. அங்க எவனும் நல்ல காயாத்தான் வச்சிருப்பான். சோறு திங்கும்போது நீ முன்னாடி இருக்க, அக்கா பின்னாடி இருக்கு, பிள்ளை வேற எந்தக் கைய நீட்டும்? நடுவுல கைய விட்டுப் பாக்கணும். அடியில விட்டுப் பாக்கணும். பெறகு மூணையும் கலந்து தட்டுல போட்டாத்தான் சாம்பிள்."

எட்டுப் பக்கத்தில் பாடம் சொன்னதை இவர் மூட்டையில் சொல்லிவிட்டார். அவ்வளவு நாள் படித்ததும் வீணோ என்று ஒரு பக்கம் தோன்றியது. ஆனாலும் அவர் சொன்னபடியே விளையாடும்போதும், குளிக்கும்போதும், அழும்போதும்கூட எழுத ஆரம்பித்தேன். அழும்போது இரண்டு கையாலும் கண்ணைக் கசக்குகிறாள். அதற்கு எந்தப் பக்கம் கோடு போடுவது என்று யோசித்துக்கொண்டு நின்றதில் அவளைச் சமாதானப்படுத்த மறந்துவிட்டேன்.

இரண்டாவது வாரம் அவள் நோட்டைக் கண்டுகொண்டாள். தான் கையை அசைத்தால் அம்மா எழுதுகிறாள் என்பது புரிந்ததும் அவளுக்குப் பொழுது போக வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. இடது கையைத் தூக்கி, "எழுதும்மா" என்பாள். எழுதுவேன். வலது கையைத் தூக்கி, "இதையும் எழுதும்மா" என்பாள். பிறகு காலைத் தூக்குவாள். கவனிக்கப்படுபவர்க்குத் தாம் கவனிக்கப்படுவது தெரியக் கூடாது என்று பாடத்தில் இருந்தது. அதனால் கதவிடுக்கில் ஒளிந்து நின்று பார்த்தேன். அவள் உடனே வந்து இன்னொரு பக்கத்திலிருந்து அதே இடுக்கில் கண்ணை வைத்தாள்.

தனியாக இன்னொருவரும் கவனித்தால் தவறு குறையும் என்பதும் பாடத்தில் இருந்தது. பகலில் எங்கள் வீட்டில் இருக்கும் இன்னொருவர் என்றால் பக்கத்து வீட்டு மதினிதான். அவருக்கு எழுத்து அவ்வளவாக வராது. அதனால் இரண்டு டம்ளரும் ஒரு கிண்ணம் புளியங்கொட்டையும் கொடுத்தேன். வலது கை என்றால் இந்த டம்ளர், இடது கை என்றால் அந்த டம்ளர். நான்கு நாள் கழித்துப் பார்த்தால் வலது டம்ளர் தளும்ப நிற்கிறது. இடது டம்ளரில் இரண்டே கொட்டை.

"இது எப்பிடி மதினி?"

"அந்த ரெண்டு தடவை கொஞ்சம் கண்ணசந்துட்டேன்."

விசாரித்ததில், அவர் மடியில் எந்நேரமும் கடலை மிட்டாய் இருந்தது தெரியவந்தது. வலது கையை நீட்டினால் ஒன்று. இடது கையை நீட்டினால், "இது ஆருக்கு?" என்று திரும்பிக்கொள்வது. குழந்தை நான்கு நாளும் மிட்டாய்க்காக வலது கையை நீட்டி வாங்கி, அதை இடது கைக்கு மாற்றித் தின்றிருக்கிறாள். மதினி நீட்டியதை மட்டும் எண்ணியிருக்கிறார். தின்றது அவர் கணக்கில் இல்லை.

வீட்டுச் சூழல் கெட்டுவிட்டதால் புது இடத்தில் பார்ப்போம் என்று முடிவு செய்தேன். கடை முதலாளியின் எஸ்டேட் ஒன்று மலையில், குரங்கணிக்கு மேலே இருந்தது. என் கணவர் சரக்குப் பார்க்கப் போன ஜீப்பில் நாங்களும் ஏறிக்கொண்டோம். ஏறும்போது எந்தக் கையால் கம்பியைப் பிடிக்கிறாள் என்று பார்க்க நினைத்தேன். அந்தப் பாதையில் அவள் இரண்டு கையாலும் பிடித்தாள். நானும் நோட்டை விட்டுவிட்டு இரண்டு கையாலும் பிடித்தேன்.

மேலே ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, காய்ந்த ஏலக்காயைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். என் மகள் ஓடிப்போய் அவர்கள் நடுவில் உட்கார்ந்துகொண்டாள். ஒரு மலையாளப் பெண் தன் முன்னாலிருந்த குவியலில் கொஞ்சம் அவள் பக்கம் தள்ளி, "பெறுக்கு மோளே, வேகம் வேகம்" என்றார். எனக்கு மகிழ்ச்சி. யாரும் சொல்லித்தராத புது வேலை, புது ஆட்கள், மிட்டாய் கிடையாது. இதைவிட நல்ல பரிசோதனை எங்கே கிடைக்கும்? நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

கோடுகள் மழையாகக் கொட்டின. வ, இ, வ, இ, வ, இ. இரண்டும் சமம். விரல் வலிக்க ஒரு மணி நேரம் எழுதினேன். மூன்று பக்கம் போயிற்று. அப்படியொரு கண்டுபிடிப்பு! என் மகளுக்கு இரண்டு கையும் ஒன்று. மூளையின் இரண்டு பாதியும் சம வலிமை. மதுரைக்கே எழுதிப் போட வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

அப்போது என் கணவர் வந்து எட்டிப் பார்த்தார். "அந்தப் பொம்பளைங்களையும் கொஞ்சம் பாரு" என்றார்.

பார்த்தேன். அத்தனை பேரும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தார்கள். நல்ல காய் வலது கையில், வெடித்த காய் இடது கையில். இரண்டு கையும் மாறி மாறிக் குவியலுக்குப் போகும். ஏலக்காய் பொறுக்கும் முறையே அதுதான். அந்த வேலையில் யாரை உட்காரவைத்து எண்ணினாலும் இரண்டு கையும் சமமாகத்தான் வரும். போடியில் வாழ்க்கைப்பட்டவளுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். நானே ஒரு வருடம் வீட்டில் உட்கார்ந்து பொறுக்கியிருக்கிறேன்.

"எனக்கு ஏன் மொதல்லயே சொல்லல?"

"நீ எழுதிட்டு இருந்த. தொந்தரவு பண்ண வேண்டாம்னு இருந்தேன்."

மாதம் முடிந்தது. விஜயதசமிக்கு இரண்டே நாள். நோட்டில் சாப்பாட்டைத் தள்ளினேன், ஏலக்காயைத் தள்ளினேன், காலைத் தூக்கியதைத் தள்ளினேன். மிச்சம் இருந்ததை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. மதினி காலையிலேயே ஒரு பழைய வேட்டியைக் கிழித்துக்கொண்டு வந்துவிட்டார். குழந்தை அது விளையாட்டு என்று நினைத்து, தானாகவே இடது கையை நீட்டினாள். மதினி முதல் சுற்றுச் சுற்றினார். அந்தக் கை துணிக்குள் போவதைப் பார்த்ததும் எனக்கு என்னவோ ஆகிவிட்டது.

"மதினி, நிறுத்துங்க. முடிவு தெரிஞ்சுபோச்சு" என்றேன். "இடது கைக்காரங்களுக்கு வலது பக்க மூளைதான் பெருசு. கணக்கு, பாட்டு, ஞாபகம் எல்லாம் அங்கதான் இருக்கு. பெரிய படிப்புப் படிச்சவங்க எல்லாம் இடது கைதான்."

நான் சொன்னதில் ஒரு வரிகூடப் பாடத்தில் இல்லை. எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. மதினி துணியைப் பிடித்தபடியே என்னைப் பார்த்தார்.

"எல்லாருமா? கலெக்டரு கூடவா?"

"கலெக்டர் கூட."

மதினி மெதுவாகத் துணியை அவிழ்த்தார். "இத மொதல்லயே சொல்லக் கூடாதா? இம்புட்டுப் புளியங்கொட்டையும் வீணாப்போச்சே" என்றார்.

பள்ளியில் என் மகள் தட்டில் பரப்பிய அரிசியில் இடது கை விரலால் 'அ' எழுதினாள். தலைமையாசிரியை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "பெஞ்சுல இடது ஓரமா உக்கார வைங்க. இல்லைன்னா பக்கத்துப் பிள்ளையோட முழங்கை இடிக்கும்" என்று மட்டும் சொன்னார். ஒரு மாதப் பரிசோதனை அவருக்கு ஒரு பெஞ்சு அளவுதான். இப்போது அவள் இரண்டாம் வகுப்பு. இடது கையால் எழுதுகிறாள். திக்காமல் பேசுகிறாள். நிறுத்தாமலும் பேசுகிறாள்.

என் பிரச்சினை இப்போது வேறு. போன மாதம் மதினி வீட்டுக்குப் போனேன். அவருடைய கடைசி மகள் ஆறாம் வகுப்பு. பிறந்ததிலிருந்து வலது கைக்காரி. அவள் வலது கையைப் பாவாடை நாடாவால் இடுப்போடு சேர்த்துக் கட்டி உட்கார வைத்திருந்தார். பிள்ளை இடது கையால் வீட்டுப்பாடம் எழுதி, ஒரு பக்கத்தைக் கோழி கிளறியது போல ஆக்கி வைத்திருந்தாள்.

"வா ஆத்தா, நல்ல நேரத்துல வந்த" என்றார் மதினி. "நீ சொன்னியே, அந்த வலது பக்க மூளை, அது வளர எத்தனை நாளாகும்? வருசப் பரீட்சைக்குள்ள வந்துருமா?"

நான் ஒரு சோலி இருப்பதாகச் சொல்லிவிட்டு, காப்பிகூடக் குடிக்காமல் திரும்பிவிட்டேன். அன்றிலிருந்து மூன்று முறை அவர் வாசல் வரை போய் வந்துவிட்டேன். நான் சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டால் அந்தப் பிள்ளையின் கை அவிழும். ஆனால் அதே நாடாவோடு மதினி என் வீட்டுக்கு வந்துவிடுவாரோ? ஒப்புக்கொள்ளாவிட்டால், நான் யாருடைய பிள்ளையைக் காப்பாற்ற யாருடைய பிள்ளையைக் கட்டிப்போட்டிருக்கிறேன்? என் கணவரிடம் கேட்டால், "யோசிச்சுச் சொல்றேன்" என்று கடைக்குப் போய்விடுகிறார்.

இரண்டு பிள்ளைகளின் கையும் தப்ப வேண்டும். மதினிக்கும் என் மேல் கோபம் வரக் கூடாது. பேச்சை எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது? உங்களில் யாராவது நாத்தனாரிடம் இப்படி ஒரு பொய்யைச் சொல்லி, அதைத் திரும்ப வாங்கியிருந்தால், எப்படி வாங்கினீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள். வருடப் பரீட்சைக்கு முன்னால் கிடைத்தால் நல்லது.