ரெய்னோ துப்பிய டப்பா

ஆர்வோ நிஸ்கலாவின் கொட்டகைக்கு ஈயம் வந்து சேரும் லட்சணத்தைப் பார்த்தால் யாருக்கும் குமட்டும். பழைய சக்கரங்களில் எடை சமனாகக் கிளிப்போடு மாட்டியிருந்த ஈயத் துண்டுகளைப் பிடுங்கி டயர் கடைக்காரன் வாளி வாளியாகக் கொடுப்பான். வெறும் ஈயத்தையா கொடுப்பான்? கடையில் வேலை பார்க்கிற அத்தனை பேருக்கும் அந்த வாளிதான் குப்பைத் தொட்டி. சிகரெட் துண்டு, சூயிங்கம், மூக்கைச் சிந்திய காகிதம் எல்லாம் அதில் கிடக்கும். ஒருமுறை பாதி தின்ற பாஸ்டி, அதாவது கறி அடைத்த ரொட்டி ஒன்று பச்சைப் பூசணத்தோடு உட்கார்ந்திருந்தது. ஆர்வோ கையுறை மாட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிவார். "பன்னி வளக்கிறவன்கூட இதவிட சுத்தமா இருப்பான்" என்று அவர் காறி உமிழ நினைத்து, தான் உமிழ்கிற ஜாதி இல்லை என்று நினைவு வந்து விழுங்கிக்கொள்வார்.

அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரிக்கரையில் இரும்புத் தாது ஏற்றும் துறையில் வேலை பார்த்து ஓய்ந்த மனிதர். மனைவி அரிசோனாவில் தங்கையோடு போய் இருந்துகொண்டாள். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று அவள் சொன்னாள். ஒத்துக்கொள்ளாதது ஈயப் புகை என்று ஊருக்குத் தெரியும். கோடையில் தூண்டிலுக்கு ஈயக்குண்டு, இலையுதிர் காலத்தில் மான் வேட்டைக்குத் துப்பாக்கிக் குண்டு, இரண்டையும் வார்ப்பதுதான் ஆர்வோவின் பொழுதுபோக்கு. பணம் வாங்கமாட்டார். பதிலுக்கு ஆளை நிற்க வைத்து, அவன் ஈரக் கையை, அவன் பூட்ஸை, அவன் முடிச்சுப் போடும் அழகை வாய் நிறையத் திட்டி அனுப்புவார். கடையில் வாங்குவதே மலிவு என்று சிலர் சொல்வதும் உண்டு.

இத்தனை அருவருப்பையும் மீறி அந்தக் கொட்டகையில் நாற்காலி போட்டு உட்கார்ந்த ஒரே ஆள் ரெய்னோ ஹார்யு. கன்னத்தில் எந்நேரமும் புகையிலையை அதக்கிக்கொண்டிருப்பார். ஈயம் உருகியதும் அழுக்கெல்லாம் மேலே மிதந்து வரும். அதைக் கரண்டியால் வழித்து ஒரு பெரிய பெயிண்ட் டப்பாவில் தட்டுவது ஆர்வோவின் வழக்கம். அந்தக் கசடு டப்பாவில்தான் ரெய்னோ துப்புவார். சூடான கசடு அதன்மேல் விழும்போது எழுகிற நாற்றம் இருக்கிறதே, அதற்குப் பயந்து எலிகூடக் கொட்டகைக்குள் வருவதில்லை.

"துப்புறதுன்னா வெளிய போய்த் துப்புடா" என்பார் ஆர்வோ.

"வெளிய பனி கொட்டுது. என் எச்சில் தரையில விழறதுக்குள்ள கட்டியாயிடும்."

"ஆகட்டும். எடுத்து விஸ்கியில போட்டுக் குடி."

ஒரு நாள் ரெய்னோ கண் தெரியாமல் ஈய வாளியிலேயே துப்பித் தொலைத்தார். அது தெரியாமல் ஆர்வோ வாளியை அடுப்புச் சட்டியில் கவிழ்த்தார். உருகிய ஈயத்துக்குள் ஈரம் போனால் என்ன ஆகும் என்று வார்க்கிறவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெடித்த வெடியில் ஆர்வோவின் ஒரு புருவம் திரும்ப முளைக்காமலே போயிற்று. கூரைப் பலகையில் ஒட்டிய ஈயத் துளிகள் இன்றும் மின்னுகின்றன. அந்தக் குளிர்காலம் முழுவதும் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. பனி உருகும் சமயத்தில் ரெய்னோ ஒன்றுமே நடக்காத மாதிரி வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, டப்பாவைக் காலால் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஆர்வோ அதைக் காலால் அப்பால் தள்ளினார். அதுதான் அவர்கள் சமாதானம்.

போன ஆகஸ்டில் ரெய்னோ மீன் பிடிக்கப் போன படகிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார். சாம்பல் ஒரு பெட்டியில் வீட்டுக்கு வந்தது. அதை மண்ணில் வைக்கும் நாளை அவர் மனைவி லெம்பி தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தாள். நவம்பரில் நிலம் உறைந்துவிட்டது. அப்போதுதான் டெட்ராய்ட் பக்கமிருந்து ரெய்னோவின் அண்ணன் மகன் டேரில் வந்து இறங்கினான். கார் விற்கிறவன். துக்கத்தையும் விற்கத் தெரிந்தவன்.

"இன்டர்நெட்ல பாத்தேன் சித்தி, இப்ப எல்லாரும் இதத்தான் பண்றாங்க" என்றான் லெம்பியின் சமையலறையில். "சித்தப்பாவோட சாம்பல ஈயத்துல கலந்து குண்டு செஞ்சு, வேட்டை தொடங்குற அன்னிக்கி அவரு துப்பாக்கியிலயே சுடணும். ஆளுக்கு ஒண்ணு. நான் வீடியோ எடுக்கறேன்."

அங்கே காபிக்கு உட்கார்ந்திருந்த ஆர்வோவுக்குக் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியது போல இருந்தது. "செத்த மனுஷன மான் தொடைக்குள்ள அனுப்பப் போறியா? அப்புறம் அந்த மானத் திம்பியா?"

"அதுதானே அழகே!" என்றான் டேரில், கண் கலங்க.

வாயிலிருந்த ஏலக்காய் ரொட்டியை ஆர்வோ காபி ஊற்றி உள்ளே தள்ளினார். இந்தப் பயலை அப்படியே கழுத்தைப் பிடித்து வெளியே தள்ள எழுந்தவரை லெம்பியின் குரல் உட்கார வைத்தது.

"எனக்கும் ஒண்ணு செஞ்சு குடு, ஆர்வோ. சுடறதுக்கில்ல. பக்கத்துல வச்சுக்கறதுக்கு."

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். ஈயத்தில் இரும்பே மிதக்கும், சாம்பல் எம்மாத்திரம்? கலக்காது, மேலேதான் வரும். வாயைத் திறந்தார். லெம்பி ஒரு ஜாம் பாட்டிலில் சாம்பலை அள்ளிப் போட்டு, மூடியை இறுக்கி, சிந்தியிருந்த ஒரு துளியை விரலால் ஒற்றி என்ன செய்வதென்று தெரியாமல் தன் கவுனில் தடவிக்கொண்டதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்.

மறுநாள் கொட்டகையில் ஈயத்தை உருக்கி, பாட்டிலைக் கவிழ்த்தார். சாம்பலைக் கரண்டியால் அமுக்கினார், மேலே வந்தது. முழங்கை வலிக்கும்வரை கிண்டினார், மேலே வந்தது. "உயிரோட இருந்தப்பவும் சொன்ன பேச்சு கேக்கல, இப்பவுமா?" என்று அதட்டினார். கொஞ்சமாவது ஒட்டாதா என்ற நப்பாசையில், ஈயம் ஒன்றுசேர எப்போதும் போடுகிற மெழுகுத் துண்டையும் போட்டார். குப்பென்று பற்றி, புகைந்து, சாம்பல் நுரை போல ஓரத்தில் ஒதுங்கியது. கை கரண்டியை எடுத்தது. வழித்தது. திரும்பி, டப்பா விளிம்பில் டக் டக்கென்று தட்டியது.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். ஆர்வோவின் கைப்பழக்கம் சுடுகாட்டையும் தாண்டிப் போய்விட்டது. சட்டியில் ஈயம் கண்ணாடி போலப் பளபளத்தது. அதில் ஒற்றைப் புருவத்தோடு தன் முகம் தெரிந்தபோதுதான் செய்த காரியம் உறைத்தது. டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தார். துருப்பிடித்த கிளிப்புகள், சிகரெட் துண்டுகள், காய்ந்து பழுப்பேறிய எச்சில் பாளம், அதன்மேல் ரெய்னோ. அந்தச் சூட்டில் பழைய எச்சில் கருகி, கொட்டகை முழுக்க ரெய்னோவின் வாய் நாற்றம் எழுந்தது. ஆர்வோ கதவைத் திறந்துகொண்டு வெளியே ஓடி, பனியில் மண்டியிட்டு வாந்தி எடுத்தார்.

பிறகு உள்ளே வந்து அந்தச் சுத்தமான ஈயத்தில் குண்டுகளை வார்த்தார். ஒரு கீறல், ஒரு சுருக்கம் கிடையாது. தன் வாழ்நாளில் அவ்வளவு நேர்த்தியாக அவர் வார்த்ததே இல்லை. ஒன்றைத் தனியே எடுத்து லெம்பியிடம் கொடுத்தார். அவள் அதை உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். ஆர்வோ அவள் முகத்தைப் பார்க்காமல் வீடு திரும்பினார்.

வேட்டை தொடங்கும் காலையில், மடிப்புக் கலையாத ஆரஞ்சு கோட்டில் டேரில் சொற்பொழிவு ஆற்றினான். பீர் டப்பாக்கள் திறந்தன. "போயிட்டு வாங்க சித்தப்பா!" என்று ரெய்னோவின் வேட்டைக் கூட்டாளிகள் ஒவ்வொருவராகச் சுட்டார்கள். மான் எதுவும் அந்தக் கூச்சலுக்கு ஒரு மைல் பக்கம் வரவில்லை. ஒரு பட்ட மரம் மட்டும் பட்டை தெறித்தது. டேரில் விம்மி விம்மி அழுதான். வீடியோ பதிவாகவில்லை என்று தெரிந்ததும் முதலிலிருந்து இன்னொரு தரம் அழுதான். ஆர்வோ யாரையும் திட்டவில்லை. திட்ட வேண்டிய முதல் ஆள் தன் பூட்ஸுக்குள் நிற்கிறான் என்று அவருக்குத் தெரியும்.

திரும்பும்போது லெம்பி அவருடைய வண்டியில் ஏறிக்கொண்டாள். கொஞ்ச தூரம் போனதும் கையுறைக்குள்ளிருந்து அந்தக் குண்டை எடுத்தாள்.

"ராத்திரி தலகாணிக்கடியில வச்சுக்கறேன். காலையில ஒரு வார்த்த பேசறேன்" என்று சொல்லி, அதை உதட்டில் வைத்து முத்தமிட்டாள்.

"வாயில வைக்காத!" ஆர்வோ பிரேக்கை மிதித்தார். "வெசம் அது. வெறும் ஈயம். அதுல அவன் இல்ல லெம்பி, ஒரு பொட்டுகூட இல்ல."

லெம்பி குண்டை உதட்டிலிருந்து இறக்கினாள்.

"அப்போ அந்த மனுஷன் எங்க?"

"சாம்பல் ஈயத்துல நிக்காது. மேல வந்துச்சு. நான் பழக்கத்துல வழிச்சு... கசடு டப்பாவுல தட்டிட்டேன்."

"அவரு துப்புவாரே, அந்த டப்பாவா?"

"அதேதான்."

லெம்பி குண்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "கொட்டகைக்கு விடு வண்டிய."

அவள் டப்பாமுன் போய் நின்றாள். ஆர்வோ தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். "பொறுக்கி எடுக்கலாம்னு பாத்தேன். எல்லாம் ஒட்டிக்கிச்சு. என்ன அடிக்கணும்னா அடி."

அவள் அடிக்கவில்லை. குனிந்தாள். தொண்டையைச் செருமி, வாய் நிறையக் கூட்டி, டப்பாவுக்குள் தூவென்று துப்பினாள்.

"ச்சீ! என்ன பண்ற லெம்பி!"

"என்ன ச்சீ? கல்யாணம் ஆன நாள்லேர்ந்து காலையில எழுந்ததும் அந்த ஆளு துப்பி வச்ச கோப்பையக் கழுவறதுதான் என் மொத வேல. ஒரு நாளாவது நான் கழுவறேன்னு சொன்னாரா? இல்ல, மன்னிச்சுக்கன்னாவது சொன்னாரா?" உதட்டைத் துடைத்த கையாலேயே கண்ணையும் துடைத்தாள். "இன்னிக்கு ஒரு தடவ அவரு வாங்கிக்கட்டும்."

குண்டை எடுத்து ஆறிக் கிடந்த சட்டியில் போட்டாள். "இத உருக்கித் தூண்டிலுக்கு வார்த்துடு. வெறும் ஈயத்த நான் எதுக்குச் சுமக்கணும்? டப்பாவ மட்டும் கொட்டிடாத. மண்ணு இளகினதும் பெட்டியோட சேத்துப் பொதச்சுடலாம்."

"இந்த அசிங்கத்தையா? பாதிரியாரு என்ன சொல்வாரு?"

"மூடி போட்டுக் குடுத்தா அவருக்கு என்ன தெரியும்?"

சொல்லிவிட்டு ரெய்னோவின் நாற்காலியில் உட்கார்ந்து, காபி போடச் சொன்னாள். ஆர்வோ வழக்கம்போல டப்பாவை அப்பால் தள்ளக் காலை நீட்டினார். நாற்றம் இன்னும் போகவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு, அதை அவள் பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டு அடுப்பைப் பற்ற வைத்தார்.