சிவக்கொழுந்து தட்டிவிட்ட முட்டை

சிவக்கொழுந்து வாயைத் திறந்தால் நல்ல சொல் வராது. கோப்பாயில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆஸ்பத்திரியில் நேர்ஸாக இருந்தாள். அவளுடைய தங்கைக்குப் பேசிய கலியாணத்தை என் மகன் கனகலிங்கம் வேண்டாம் என்ற நாளிலிருந்து, எங்கள் வாசல் படலையைக் கண்டால் காறித் துப்பிக்கொண்டுதான் போவாள். நானும் சும்மா இருக்கவில்லை, பதிலுக்குத் துப்பினேன்.

தொண்ணூற்றொன்றாம் ஆண்டு, ஓலை வெட்ட வடலிப் பனையில் ஏறிய கனகலிங்கம் வழுக்கி, வேலிக் கதியால் கட்டையில் இடது விலா அடிபட விழுந்தான். ஒரு சொட்டு இரத்தம் இல்லை. தானே எழுந்து நடந்து வந்து வேம்பின் கீழ் இருந்தான்.

"ஒண்டுமில்லையணை அம்மா."

விழுந்தவனுக்குப் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுப்பது எங்கள் வழக்கம். நான் அடித்துக் கலக்கிக்கொண்டு வந்தபோது அவன் பேச்சு அடங்கிவிட்டது. தண்ணீர் மட்டும் கேட்டான். நெற்றியெல்லாம் வேர்வை.

"பயந்திட்டான். குடிச்சுப்போட்டுப் படுக்கட்டும்," என்றார் என் தமையன் தம்பிஐயா.

தெருவால் போன சிவக்கொழுந்து எட்டிப் பார்த்தாள். சைக்கிளைப் போட்டுவிட்டு உள்ளே வந்து அவன் கையைப் பிடித்தாள்.

"எணேய், உந்த முட்டையை வாயிலை வையாதையணை!" கிண்ணத்தைத் தட்டிவிட்டாள்.

"எடியே, பழி தீர்க்க வந்தியோ?"

"ஓம், உங்களைக் கொல்லவேணும் எண்டுதான் கிடக்கு. முதல் இவனைத் தொட்டுப் பாரணை. உந்த வெயிலுக்கை ஐஸ் மாதிரிக் கிடக்கிறான். நாடி ஓட்டமா ஓடுது, விரலுக்கை அம்பிடுதில்லை. நகம் வெளிறிப் போச்சு. வயித்துக்குள்ளை ரத்தம் ஓடுது. வெட்டவேண்டி வரும், உள்ளுக்கை ஒண்டும் போகக்கூடாது."

தொட்டேன். மீனைத் தொட்டதுபோல ஈரமும் குளிருமாக இருந்தான்.

"அமைதியாத்தானே இருக்கிறான்?" என்றார் தம்பிஐயா.

"கத்தினால் எனக்குப் பயமில்லை. உந்த அமைதிதான் பொல்லாதது. நிண்டு விளக்கம் கேளாமல் காரை எடுங்கோ!"

அவனை நீட்டிக் கிடத்தி, என் சேலையால் போர்த்தினாள். பெற்றோல் கிடைக்காத காலமாதலால் மண்ணெண்ணெயில் இருமி இருமி ஓடிய தம்பிஐயாவின் காரில், அவன் கால்களைத் தன் மடியில் உயர்த்தி வைத்துக்கொண்டு வழிநெடுகத் திட்டினாள்.

"கண்ணை மூடாதை. என்ரை தங்கச்சியை வேண்டாமெண்ட வாயாலை ஏதும் கதை!"

ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து, கிழிந்த மண்ணீரலை எடுத்தார்கள். பிள்ளை பிழைத்தான்.

வீட்டுக்கு வந்த பிறகு காயத்தைப் பார்க்க அவளே வந்தாள். தேத்தண்ணீர் கொடுத்தேன்.

"பகையாளி வீட்டிலை நான் வாய் நனைக்கமாட்டன்."

"நனைக்காட்டிக் கிடக்கட்டும்," என்று அவளுக்கு முன்னால் வைத்தேன். ஆறிப்போனது. அடுத்த நாளும் வைத்தேன், அதற்கடுத்த நாளும். அவள் குடிக்கவில்லை. நானும் விடவில்லை.