துடைக்கிறவருக்கு எதற்கு என்று நினைத்தேன்

மாரண்டஹள்ளி அருகே ஒரு முதியோர் காப்பகத்தில், படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. அங்கே ஒரு பெரியவருக்கு மூக்குக் குழாய் வழியாகத்தான் ஆகாரம். ஒருநாள் பக்கத்து அறையில் கூப்பிட்டார்கள். தரை துடைத்துக்கொண்டிருந்த ராணியக்காவிடம், "கொஞ்சம் பாத்துக்கங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

திரும்பி வந்தபோது பெரியவர் கண் செருக இருமிக்கொண்டிருந்தார். அக்கா கையில் தண்ணீர் டம்ளர். அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து நர்ஸை அழைத்தேன். நல்லவேளை, பிழைத்துக்கொண்டார்.

"தண்ணின்னு சைகை காட்டுனாரும்மா. எப்படிக் குடுக்காம இருக்கறது?" என்று அக்கா அழுதார். விழுங்க முடியாதவருக்கு வாயில் கொடுத்தால் நுரையீரலுக்குள் போய்விடும் என்று அவரிடம் யாருமே சொன்னதில்லை. நானும்தான்.

ஆள் குறைச்சல் இன்னும் அப்படியேதான். கூப்பிட்டால் இன்றும் ஓடத்தான் வேண்டும். ஆனால் டியூட்டிக்கு வந்ததும், யாருக்கெல்லாம் வாயில் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று முதலில் ராணியக்காவிடம் சொல்லிவிடுகிறேன்.