நனையாத பேஸில் ஆற்றுச் சேறு

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் "சரி, எனக்கு ஒரு தே ஓ" என்று பால் ஊற்றாத டீ கேட்டு எழுந்து போய்விடுகிற ஆள் நான். கல்யாணங்களில் வாசிக்கிற எங்கள் பேண்ட் வேனில் ஆளாளுக்குத் தோட்டத்து மோகினிக் கதை அளப்பார்கள், நான் பாட்டுக்குக் குறட்டை விடுவேன். அப்படிப்பட்டவன் இதைச் சொல்கிறேன் என்பதை மட்டும் யோசித்துப் பாருங்கள். நம்பாவிட்டாலும் கோபமில்லை, நானே இன்னும் முழுதாக நம்பி முடிக்கவில்லை.

நான் இடக்கைக்காரன். எங்கள் ஊர் சிகாமட்டில் என் பெயரைச் சொன்னால் தெரியாது, 'நொட்டாங்கை' என்றால் வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விடுவார்கள். பிரசாதம் வாங்க, மொய் கொடுக்க எல்லாம் சோத்துக்கையைப் பழக்கிவிட்டார்கள், பேஸ் கித்தாரை மட்டும் என்னால் அந்தப் பக்கம் திருப்ப முடியவில்லை. இடக்கைக்கென்றே செய்த பேஸ் கடையில் தொங்குவது அபூர்வம். எங்காவது ஒன்று இருக்கிறது என்று காதில் விழுந்தால் போதும், கோலாலம்பூரானாலும் காரை எடுத்துவிடுவேன். அப்படிச் சேர்த்தது மூன்று. கறுப்பு ஒன்று, வெள்ளை ஒன்று, சிவப்பு ஒன்று. அந்தச் சிவப்புதான் என் உயிர். லாயாங் லாயாங்கில் சித்தப்பா வீட்டுப் பின்னால் முறிந்து விழுந்த ரப்பர் கிளையிலிருந்து, கட்டைவிரல் ஊன்றிக்கொள்ள நானே ஒரு துண்டு செதுக்கி அந்தப் பேஸில் ஒட்டியிருந்தேன். ஒரு ஓரம் கோணல். ஆயிரம் பேஸுக்கு நடுவில் வைத்தாலும் கண்டுபிடித்துவிடுவேன்.

இவற்றை நான் பூட்டி வைத்ததே கிடையாது. வலக்கைக்காரன் எடுத்தால் தடித்த கம்பி இருக்கவேண்டிய இடத்தில் மெல்லியது நிற்கும், விரல் தடுமாறிப் போகும். "உன் பேஸ எவன் திருடுவான்? எடுத்துட்டுப் போனவனே மறுநாள் கொண்டாந்து வச்சிருவான்லா" என்பான் மனோ. மனோ எங்கள் பேண்டின் டிரம்மர். பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்றாகத் திரிந்தவர்கள், என் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவனும் அவன்தான்.

அந்த வருஷம் ஆறு பொங்கியது. எங்கள் வீடு ஆற்றுக்குப் பக்கத்துப் பள்ளத்தில், மனோ வீடு மேட்டில் இருக்கும் தாமான் குடியிருப்பில். துணிமணிகூட எடுக்காமல் மூன்று பேஸையும் முதலில் அவன் வீட்டில் கொண்டுபோய் வைத்தேன். என் மனைவி கஸ்தூரி அதை இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

தண்ணீர் வடிந்ததும் போய்ப் பார்த்தால் மனோ கண் கலங்கி நிற்கிறான். "பின்னால சாக்கடை லோங்காங் பொங்கி ஸ்டோருக்குள்ள தண்ணி பூந்துருச்சுடா. ரெண்டதான் காப்பாத்த முடிஞ்சது. செவப்பு ஆத்தோட போயிருச்சு, என்னை மன்னிச்சிரு." நான்தான் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். உன் உயிர் பிழைத்ததே பெரிது என்றுகூடச் சொன்னேன். அந்த ஸ்டோரை எட்டிப் பார்க்கவேண்டும் என்று தோன்றவே இல்லை. கூடப் பிறந்தவன் மாதிரி இருப்பவனிடம் போய்ச் சோதனையா போடுவார்கள்?

கொஞ்ச நாள் கழித்துக் கூலாயில் கஸ்தூரி சொந்தத்தில் ஒரு கல்யாணம். பகல் விருந்து. சிங்கப்பூர் வரை போய் வாசிக்கிற பெரிய பேண்ட் ஒன்று மேடையில். பேஸ் வாசிப்பவன் இடக்கைக்காரன் என்றதும் எனக்கு ஒரே குஷி, பிரியாணித் தட்டோடு மேடைப் பக்கம் போனேன். தோளில் சிவப்பு. விரல் ஊன்றும் கோணல் மரத்துண்டு. தட்டை எங்கே வைத்தேன் என்று நினைவில்லை.

இடைவேளையில் அவனைப் பிடித்தேன். டெனிஸ் என்று பெயர். "மனோ அண்ணன் குடுத்தது. எங்க பேண்ட்ல சேர்றதுக்கு எங்க பாஸ்கிட்டக் கேட்டுக்கிட்டே இருந்தாரு. எனக்கு நல்ல லெஃப்ட் பேஸ் இல்லைன்னு தெரிஞ்சு, கொண்டாந்துட்டாரு." நான் விஷயத்தைச் சொன்னதும் அவன் முகம் சுண்டிவிட்டது. "அலமாக்! ஒரு நொட்டாங்கைகிட்ட எடுத்து இன்னொரு நொட்டாங்கைக்கா? எனக்கு வேணாம்ணே, கல்யாணம் முடிஞ்சதும் எடுத்துட்டுப் போங்க." அப்படியே செய்தான். கொடுக்கும்போது, "காலையிலதான் புது பேட்டரி போட்டேன்" என்று முதுகுப்பக்கத்து மூடியைத் திறந்தும் காட்டினான். உள்ளே பொட்டுத் தூசி இல்லை. கஸ்தூரியும் குனிந்து பார்த்தாள். இதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் மத்தியானம், நல்ல வெயில். எங்கள் பேண்ட் தலைவர் ராஜு அண்ணன் வீட்டுக் கார் போர்ச்சில் பயிற்சி. எல்லோர் முன்னாலும் கேட்டுவிடுவது என்று முடிவு செய்துதான் போனேன். மனோ டிரம்ஸுக்குப் பின்னால் இருந்தான். பையோடு பேஸை மேசையில் வைத்து ஜிப்பை இழுத்தேன்.

"இது ஆத்தோட போயிருச்சுன்னு சொன்னியேடா. கூலாய்க்கு எப்படி நீந்திப் போச்சு? பெரிய பேண்ட்ல எடம் கேட்டு இதக் குடுத்தியா இல்லியா?"

மனோ முகத்தில் ரத்தமே இல்லை. அப்போது ராஜு அண்ணன், "டேய், மேசையெல்லாம் தண்ணிடா" என்றார்.

பையின் அடியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. அண்ணன் பேஸைத் திருப்பி முதுகு மூடியைத் திறந்தார். உள்ளே முழுக்கச் சேறு. தே தாரேயின் பால் டீ நிறத்தில், எங்கள் ஆற்றுச் சேறு. பேட்டரி துருப்பிடித்து உப்பியிருந்தது. மரம் ஊறிப் போயிருந்தது. வெள்ளம் வந்த வீட்டில் இருந்தவனுக்கு அந்த வாடையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

என்னைவிட மனோதான் அதை வெறித்துப் பார்த்தான். பிறகு அவன் முகம் மெல்ல மாறியது.

"நான்தான் சொன்னேனே அண்ணே, வெள்ளத்துல போச்சுன்னு. எங்கயோ சேத்துல கெடந்ததக் கண்டெடுத்துட்டு வந்து எம்மேல பழி போடுறான்."

டெனிஸுக்குப் போன் போட்டு எல்லோரும் கேட்கும்படி வைத்தேன். "எங்க பாஸ் பக்கத்துல இருக்காருண்ணே. இதுல என்னை இழுக்காதீங்க, ப்ளீஸ்." வைத்துவிட்டான். கஸ்தூரி பார்த்தாள் என்றேன். "பொண்டாட்டி புருஷனுக்குத்தான் பேசும்" என்று யாரோ சிரித்தார்கள். ராஜு அண்ணன் என் தோளில் கை வைத்தார். "வெள்ளத்துல வீடு போனா மனசு கொழம்பும் தம்பி. போன பொருள் திரும்பி வந்திருக்கு, சந்தோஷப்படு லா. மனோகிட்ட ஒரு சாரி சொல்லிரு."

சொன்னேன். வேறு என்ன செய்யச் சொல்கிறீர்கள்? அத்தனை பேரும் சேற்றைப் பார்க்கிறார்கள், என்னிடம் வெறும் வாய்.

காரில் பையை ஏற்றிக்கொண்டிருந்தபோது மனோ தனியாக வந்தான். "டேய், உண்மையச் சொல்லு. என்னடா பண்ணுன அத? எங்க வீட்டுக்குத் தண்ணி வரவே இல்லடா." நான் கதவைச் சாத்திவிட்டுக் காரைக் கிளப்பினேன். அதற்கப்புறம் நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை. அவன் அந்தப் பெரிய பேண்டில் சேர்ந்துவிட்டான், ராஜு அண்ணனே மாலை போட்டு அனுப்பினார்.

நண்பன் செய்ததைக்கூட ஆறப் போட்டுவிடலாம். ஆனால் இத்தனை வருஷம் நெஞ்சோடு அணைத்து வாசித்தேனே, என் கையால் மரம் செதுக்கி ஒட்டினேனே, அது எதற்கு அவன் பொய்க்குச் சாட்சி சொல்ல வந்தது?

பேஸைக் காயவைத்து, உள்ளே வயரெல்லாம் மாற்றி, மூடி ஹாலில் தொங்கவிட்டேன். பக்கத்தில் கறுப்பும் வெள்ளையும். நேற்று கஸ்தூரி ஒட்டடை அடிக்கும்போது, சிவப்பிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது என்று கூப்பிட்டாள். மழை பெய்து நாளாகிறது, ஆற்றில் மணல் தெரிகிறது. மூடியைத் திறந்து இடது கை விரலை விட்டேன். சேறு. ஈரம் காயாமல், சில்லென்று.