புதுச்சேரியில் பதின்மூன்றுக்கு ஒன்று

1956 ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காலை ஆறரை மணிக்கு விழுப்புரத்தில் புதுச்சேரி வண்டி ஏறினேன். தூரம் இருபத்து நான்கு மைல். மூன்றாம் வகுப்பில் உட்கார இடம் கிடைத்தது. எதிர்ப் பலகையில் ஒருவர் வாழை இலைக் கட்டுகளைக் காலுக்கடியில் அடுக்கிக்கொண்டு, மிச்சத்தை மடியில் வைத்திருந்தார்.

"பாண்டியில இன்னா ஜோலி?" என்று கேட்டார்.

"விளையாடப் போறேன்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். வேட்டி, சட்டை, கையில் துணிப்பை. விளையாடப் போகிறவன் போல நான் இல்லை என்று அவர் முகமே சொன்னது. பழைய எல்லைச் சுங்கச் சாவடி இருந்த சின்னபாபுசமுத்திரம் வந்ததும் பேச்சை மாற்றிக்கொண்டார். "மின்னாடியெல்லாம் இங்க எறக்கி உட்டுருவான். எலைக்கட்டப் பிரிச்சுக் கொட்டுவான். எலைக்குள்ள இன்னாப்பா இருக்கும்? எலைதான் இருக்கும். எல்லாம் கிழிஞ்சப்புறம் போன்னுவான்."

இப்போது யாரும் இறக்கிவிடவில்லை. பிரெஞ்சுக்காரர் கொடி இறங்கி இரண்டு வருஷம் ஆகப் போகிறது. வண்டி ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் புறப்பட்டது. வில்லியனூரில் தேங்காய்க் கூடைகள் ஏறின. எட்டு மணிக்குப் புதுச்சேரி.

ஸ்டேஷன் வாசலில் அந்துவான் சைக்கிளோடு நின்றான். கடலூர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவன், நெல்லித்தோப்புக் கிறிஸ்தவன். நான் இப்போது விழுப்புரத்துக்கு அருகே ஒரு கிராமத்துப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். அவன் இங்கேயே ஒரு பள்ளியில் சேர்ந்துவிட்டான். "ஒரு புது ஆட்டம் காட்டறேன், வாடா" என்று இரண்டு மாதமாக எழுதிக்கொண்டிருந்தான்.

நெல்லித்தோப்பு, ஸ்டேஷனிலிருந்து ஒரு மைலுக்குக் கொஞ்சம் அதிகம் இருக்கும். பின் இருக்கையில் என்னை உட்கார வைத்து மிதித்தான். பூசை முடிந்து வருகிற பெண்கள் தலையில் முக்காட்டோடு ஓரமாக நடந்துகொண்டிருந்தார்கள். அவன் மணியடித்துக்கொண்டே போனான்.

பகல் பன்னிரண்டரைக்கு அவர்கள் வீட்டில் சாப்பாடு. வஞ்சிரமீன் குழம்பு. அந்துவானின் அம்மா என் தட்டை நிறைத்துக்கொண்டே இருந்தார். அப்போதுதான் ஆட்டத்தின் விவரம் முழுசாக வெளியே வந்தது.

ஆட்டத்துக்குப் பெயர் பெத்தாங். பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுவந்தது. கைக்கடங்கும் இரும்புக் குண்டு ஆளுக்கு மூன்று. முதலில் எலுமிச்சையை விடச் சின்னதான ஒரு மரக்குண்டைத் தூரப் போடுவார்கள். அதற்கு இங்கே 'பன்னிக்குட்டி' என்று பெயர். பிரெஞ்சிலும் அதே அர்த்தம்தானாம். பன்னிக்குட்டிக்கு மிக அருகே யார் குண்டு நிற்கிறதோ அந்தக் கட்சிக்குத்தான் அந்தச் சுற்றில் புள்ளி. எதிராளியின் சிறந்த குண்டை விட அருகே எத்தனை குண்டு நிற்கிறதோ அத்தனை புள்ளி. முதலில் பதின்மூன்று எடுத்தவருக்கு ஜெயம்.

"சைபரோட தோத்தவன் மட்டும் பை தூக்கணும்" என்றான் அந்துவான்.

"என்ன பை?"

"ஜெயிச்சவங்க குண்டுப்பை. அவங்க வூடு வரைக்கும், பின்னாடியே நடந்து வரணும். தெருவுல பசங்க கை தட்டிக்கினே வருவானுங்க. சும்மா தமாசுடா."

"நான் தூக்க மாட்டேன்" என்றேன்.

"அப்ப ஆடாத."

"ஆடுவேன். தூக்க மாட்டேன்."

"அப்படின்னா ஒரு பாயிண்டாவது எடு" என்று சிரித்தான். அவன் அம்மாவும் சிரித்தார். அவர்களுக்கு அது தமாசுதான். எனக்கு ஏன் அப்படி இல்லை என்பதை இங்கே எழுதிவிடுகிறேன்.

எங்கள் ஊரில் பெரிய வீட்டுக்காரர் சந்தைக்குப் போனால் அவர் பையோடு ஒருவன் பத்தடி தள்ளிப் பின்னால் நடப்பான். கூலி கிடையாது. அது வழக்கம், அவ்வளவுதான். என் தாத்தா நடந்தார். பிறகு என் அப்பா நடந்தார். என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த வருஷம், "இனிமே பை தூக்க வர முடியாதுங்க" என்று அப்பா சொல்லிவிட்டார். இரண்டு அறுவடைக்கு எங்கள் வீட்டாரை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. அதற்குப் பிறகு விழுப்புரத்து மணிலாக்கொட்டை மண்டிக்கு மூட்டை சுமக்கப் போனார். அந்தச் சுமை பாரம்தான். ஆனால் கூலிக்குச் சுமந்தது. எங்கள் குடும்பத்தில் முதலில் எழுதப் படிக்கத் தெரிந்தவன் நான். ஒருவருக்குப் பின்னால் பையோடு நடக்க எனக்குக் கால் வராது, அது தமாசாக இருந்தாலும்.

மாலை நாலு மணிக்கு, நகரத்தை இரண்டாகப் பிரிக்கிற பெரிய வாய்க்காலைத் தாண்டிக் கிழக்கே போனோம். கடற்கரைக்கு இரண்டு தெரு உள்ளே, பூவரச மரங்களுக்கு நடுவே மண் திடல். கடல் தெரியவில்லை, காற்று மட்டும் வந்தது. மரத்தடி பெஞ்சில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். எங்களோடு ஆட இருவர் தயாராக இருந்தார்கள். ஒருவர் லூர்து, பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோன் வரை போய் வந்து பென்ஷன் வாங்குகிறவர். அறுபது வயது, விறைப்பான முதுகு, வாயில் சுருட்டு. மற்றவர் அவர் மைத்துனர் சவரிமுத்து, துறைமுகத்தில் எழுத்தர். பெரியவர்களை இங்கே 'முசே' என்றுதான் கூப்பிடுகிறார்கள், நம் பக்கத்து 'ஐயா' போல.

லூர்துவின் நரைத்த கித்தான் பையில் குண்டுகள் கணகணத்தன. "வில்லுப்புரத்துத் தம்பிக்கு வழக்கம் தெரியுமா?" என்று அந்துவானைக் கேட்டார்.

"தெரியும் முசே" என்று நானே சொன்னேன். "சைபர் போனா தூக்குறேன். போக மாட்டேன்."

பெஞ்சில் ஒருவர் விசிலடித்தார். "பேச்சுலயே பாயிண்டு எடுக்குறான்யா!" என்றார் சவரிமுத்து.

தரையில் ஒரு வட்டம் கீறி, அதற்குள் இரண்டு காலையும் சேர்த்து வைத்துக்கொண்டுதான் போட வேண்டும். குண்டின் பாரம் எனக்குப் புதிது. ஆனால் கோலியில் எங்கள் ஊரில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. அந்தத் தைரியம் இருந்தது. அதுவே என்னைக் கெடுத்தது. கோலியில் எதிரியின் குண்டை அடித்தால் ஜெயம். நானும் லூர்துவின் குண்டைப் பார்த்துப் பார்த்து அடித்தேன். பாதி தப்பியது. பட்டவை அவர் குண்டைத் தள்ளிவிட்டு, என் குண்டையும் எங்கோ கொண்டு போய்விட்டன. ஒரு தடவை அந்துவானின் குண்டையே அடித்துக் குப்பைமேட்டுக்கு அனுப்பினேன்.

"தம்பி, பன்னிக்குட்டி இந்தப் பக்கம் இருக்குது!" என்று பெஞ்சில் கத்தினார்கள்.

"வில்லுப்புரம் ஜங்ஷன்ல எல்லா வண்டியும் மோதிக்கும் போல!"

மூன்று, ஏழு, ஒன்பது என்று அவர்கள் கணக்கு ஏறியது. எங்கள் பக்கம் சைபர். பன்னிரண்டு ஆனபோது அந்துவான் என் காதருகே வந்தான். அவன் முகத்தில் கவலையே இல்லை.

"உட்றா கோயிந்து. தோத்துப் பை தூக்கினா அவர் வூடு வரைக்கும் போலாம். ஜோஸ்பின் வாசல்ல நிக்கும்."

"யாரு ஜோஸ்பின்?"

"அவர் பொண்ணு. ரெண்டு மாசமா வழி தேடறேன், இதான் வழி."

என்னை எதற்கு விழுப்புரத்திலிருந்து வரவழைத்தான் என்பது அப்போதுதான் விளங்கியது. தோற்க ஒரு கூட்டாளி வேண்டும். அதற்கு ஆட்டமே தெரியாதவனைப் பிடித்திருக்கிறான். "ஒனக்கு வழி வேணும்னா சைக்கிள்ல போய்ப் பாரு. நான் தூக்க மாட்டேன்" என்றேன்.

லூர்து சுருட்டை எடுத்துவிட்டுச் சொன்னார்: "வெளியூர்ப் பையன். விருந்தாளி. ஒரு பாயிண்டு எங்க பக்கத்துலேந்து குடுத்துடறேன். பன்னெண்டுக்கு ஒன்னுன்னு வச்சிக்கலாம். இன்னா சவரி?"

பெஞ்சில் சிலர் தலையசைத்தார்கள். அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. ஆனால் கொடுத்த புள்ளியை வாங்கிக்கொண்டு பையிலிருந்து தப்பித்தால் அந்தப் புள்ளியையே சுமந்துகொண்டு ஊருக்குப் போக வேண்டியதுதான்.

"குடுக்கிற பாயிண்டு வேணாம் முசே. போடுங்க."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு பன்னிக்குட்டியைப் போட்டார்.

இந்தச் சுற்றில் நான் யாரையும் அடிக்கவில்லை. லூர்துவின் முதல் குண்டு பன்னிக்குட்டிக்கு இரண்டு சாண் தூரத்தில் நின்றது. நான் குண்டைத் தாழ விட்டு உருட்டினேன். அது மெதுவாகப் போய், ஒரு சாணுக்கும் உள்ளே நின்றது. அதை விட அருகே போட அவர்கள் முயன்றார்கள். சவரிமுத்துவின் மூன்று குண்டும் வீணாயின. லூர்து ஒன்றைப் போட்டார்; அது எட்டாமல் முன்னாலேயே நின்றுவிட்டது. கடைசிக் குண்டை எடுத்து, உயரமாக எறிந்து, என் குண்டின் தலையிலேயே இறக்கினார். என் குண்டு எகிறி வேர்ப்பக்கம் ஓடியது. மறுபடியும் அவருடைய முதல் குண்டுதான் மிக அருகே. அவர்கள் கை காலி. எங்களிடம் ஐந்து குண்டு மிச்சம்.

அந்துவான் தன் மூன்றையும் போட்டான். ஒன்று பாதி வழியில் நின்றது. ஒன்று பக்கவாட்டில் ஓடியது. ஒன்றை அவன் வேண்டுமென்றே ஓங்கி விட்டான். அது பன்னிக்குட்டியைத் தாண்டி ஆறேழு அடி போய், அங்கே தனியாக நின்றது. "ஐயோ, தப்பிடுச்சே" என்று முகத்தை வைத்துக்கொண்டான்.

என் இரண்டில் முதலாவது கோணலாகப் போயிற்று. இன்னும் ஒன்றுதான். லூர்துவின் குண்டை விட அருகே போட முடியும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. குனிந்து பார்த்தேன். பன்னிக்குட்டிக்கு நேர் பின்னால் அந்துவானின் குண்டு. குண்டை நகர்த்த முடியாவிட்டால் பன்னிக்குட்டியை நகர்த்தினால் என்ன?

"பன்னிக்குட்டிய அடிக்கலாமா முசே?"

"அடிக்கலாம். எங்க, அடி பாப்போம்" என்றார்.

கோலி அளவுக்கு ஒரு குறி. இதற்குத்தான் என் கை பழகியிருந்தது. மண்ணோடு மண்ணாக, வேகமாக விட்டேன். இரும்பு மரத்தில் பட்ட சத்தம் கேட்டது. பன்னிக்குட்டி துள்ளி எழுந்து பின்னால் உருண்டு, அந்துவானின் குண்டுக்கு நாலு விரல் தூரத்தில் நின்றது. அவன் தோற்பதற்காகப் போட்ட குண்டு!

முதலில் சத்தம் போட்டது சவரிமுத்து. "அட பாவி!" பிறகு பெஞ்சே எழுந்துவிட்டது. அந்துவான் தலையில் கை வைத்துக்கொண்டான். லூர்து நடந்து போய்க் குனிந்து பார்த்தார், அளக்கவே தேவையில்லை. "ஒன்னு" என்றார்.

அடுத்த சுற்றில் அவர்கள் ஒரு புள்ளி எடுத்து ஆட்டத்தை முடித்துக்கொண்டார்கள். பதின்மூன்றுக்கு ஒன்று. தோல்விதான். நான் கையைத் தட்டி மண்ணை உதறினேன்.

லூர்து குண்டுகளைத் துடைத்துப் பைக்குள் போட்டார். தோளில் மாட்டப் போனவர் நின்று, பையை என் பக்கமாக நீட்டினார். "கொஞ்சம் புடி தம்பி. சுருட்டு அணைஞ்சிடுச்சு, பத்த வச்சிக்கிறேன்."

அது சோதனையா, இல்லை பழக்கமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெரியவர் ஒரு நிமிஷம் பிடி என்றால் பிடிப்பதில் என்ன குறைந்துவிடும் என்று வாசகர்கள் கேட்கலாம். அன்று எனக்குக் குறைந்துவிடும் என்றே தோன்றியது.

"கீழ வைங்க முசே" என்றேன்.

அந்துவான் என் காலை மிதித்தான். லூர்து நீட்டிய கையை மடக்கவில்லை. கண்ணை இடுக்கிக்கொண்டு என்னையே பார்த்தார். பிறகு பையை மெதுவாகத் தரையில் வைத்தார். தீக்குச்சியை உரசிச் சுருட்டைப் பற்ற வைத்தார். ஒரு இழுப்பு இழுத்துவிட்டுக் குனிந்து பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

"சைகோன்ல ஒரு சார்ஜண்டு என்னை இதே மாதிரி அவன் பெட்டியப் புடின்னான்" என்றார். "புடிச்சேன்." "வாங்க, போலாம்."

நாலு பேரும் வாய்க்கால் தாண்டி மேற்கே நடந்தோம். கடைத்தெருவில் பையன்கள் ஓடி வந்து, யார் சைபர் என்று தேடினார்கள். லூர்துவின் பை அவர் தோளிலேயே தொங்குவதைப் பார்த்ததும் ஏமாந்துபோய்த் திரும்பினார்கள். நான் அவருக்குப் பக்கத்திலேயே நடந்தேன். நெல்லித்தோப்பு முனையில் அந்துவான் ஏக்கத்தோடு லூர்து வீட்டுத் தெருவைப் பார்த்துவிட்டு, "ஒன்னால கெட்டேன்டா" என்று முணுமுணுத்தான். லூர்து திரும்பாமலே, "அடுத்த வாரம் நீ சர்பத் குடிக்க வரலாம், அந்துவான். பை இல்லாமயே வரலாம்" என்றார். அவன் காது வரை சிவந்தான்.

ஸ்டேஷனுக்குத் திரும்பும் முன் அவரிடம் சொல்லிக்கொண்டேன்.

"மறுபடி வா" என்றார். "அப்ப சைபர்தான்."

"வரேன் முசே. பையோட தோள்வார நல்லாத் தைச்சு வைங்க. எங்க குண்டையும் அதுல போட்டு வண்டி வரைக்கும் நீங்க தூக்கணும்."

சவரிமுத்து வாயைப் பொத்திக்கொண்டார். கிழவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சுருட்டுச் சாம்பல் சட்டையில் விழுந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. "வா, பாக்கலாம்" என்று கையை நீட்டினார். நான் குலுக்கினேன்.

ஏழு மணிக்கு வண்டி புறப்பட்டது. பெட்டியில் கூட்டமில்லை, ஜன்னலோரம் கிடைத்தது. எங்கள் ஊரில் ஒரு பெரிய மனிதரிடம் இப்படிப் பேசிவிட்டு வீட்டுக்குப் போன யாரும் அன்றிரவு கண்ணை மூடியதில்லை. வாசலில் ஆள் வருகிற சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டே கிடப்பார்கள். நான் வில்லியனூர் வருவதற்குள் தூங்கிவிட்டேன்.