மூணாவது தபா

அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியராக இருந்தார். நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது அந்த வேலையை உதறிவிட்டு, பருத்திப்பட்டில் எங்கள் வீட்டு மாடியறையில் இரண்டு கம்ப்யூட்டரை வைத்து சாஃப்ட்வேர் கம்பெனி தொடங்கினார். பெயர்ப்பலகை வந்த வேகத்தில் வேலை வரவில்லை.

வயதானவர்களுக்குப் போன் போட்டு மாத்திரை சாப்பிடச் சொல்லும் சாஃப்ட்வேர் அது. குரல் கொடுக்க வெளியாள் அமையாததால் அம்மாவையே பேச வைத்தார். அவர் சுத்தத் தமிழில் எழுதிக் கொடுத்தது அவள் வாயில் நுழையவில்லை. சோதனைக்கு என்னைக் கூப்பிடுவதுபோலப் பதிவு செய்தார்கள்: "பாப்பா, மாத்திரை போட்டுகினியா?"

அந்த மழைக்காலத்தில் அம்மா காய்ச்சல் கண்டு இறந்துபோனாள். காரியம் முடியும்வரை என்னைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. மூன்றாம் நாள் உச்சிவேளையில் கூடத்துப் போன் அடித்தது. எடுத்தேன். அம்மா "பாப்பா" என்றாள்.

கம்ப்யூட்டர்தான் பேசுகிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் "அம்மா பேசுது" என்று கத்திவிட்டேன். சமைக்க வந்திருந்த அத்தை ஓடிவந்து என் வாயைப் பொத்தினாள்.

"பேசாத. செத்தவங்க ஒரு தபாதான் கூப்புடுவாங்க. பதில் சொன்னா கூட்டிகினு போயிருவாங்க. மூணு தபா கூப்ட்டாதான் மனுசங்க."

தினமும் அதே நேரத்துக்கு அடித்தது. ஒரே ஒரு முறை கூப்பிட்டு, பதிலுக்குச் சற்றுப் பொறுத்து, அறுந்துவிடும். எனக்கு அம்மாவிடம் பேசவேண்டும், சாகவும் பயம். ஒருநாள் சாப்பிடும்போது அப்பாவிடம் கேட்டே விட்டேன்.

"அம்மாவ மூணு தபா கூப்புட சொல்லுப்பா."

அவர் பாதிச் சோற்றில் எழுந்து மாடிக்குப் போய்விட்டார்.

மறுநாள் போன் வந்தது. "பாப்பா." ஒரு விரலை மடக்கினேன். "பாப்பா." சமையலறையில் அடுப்பை அணைத்துவிட்டு அத்தை என் பக்கத்தில் வந்து நின்றாள். "பாப்பா, மாத்திரை போட்டுகினியா?"

"போட்டுகினேம்மா. நீ எப்ப வர்ற?"

அந்தப் பக்கம் யாரோ விம்மும் சத்தம் கேட்டது. போனைப் போட்டுவிட்டு அத்தையைக் கட்டிக்கொண்டேன். அதன்பிறகு அந்தக் குரல் வரவில்லை.

சாஃப்ட்வேரையும் அப்பா மூன்று முறை கூப்பிடும்படி மாற்றினார். அத்தை சொன்ன அதே பயத்தில், ஒரு முறை கூப்பிட்டபோது பேசாமல் வைத்துவிட்ட எங்கள் பக்கத்துப் பெரியவர்கள், மூன்று முறை கூப்பிட்டதும் பதில் பேசத் தொடங்கினார்கள். கம்பெனி பிழைத்துக்கொண்டது. இப்போது நானும் அங்கேதான் வேலை செய்கிறேன். சமீபத்தில் பழைய கோப்புகளைத் துழாவியபோது, தானாக அழைக்கவேண்டிய எண்களின் பட்டியல் கிடைத்தது. அதில் எங்கள் வீட்டு எண் ஒருநாளும் இருந்ததில்லை. அப்பா தினமும் கையால்தான் அழுத்தியிருக்கிறார்.

அம்மா என்னைக் கூட்டிப்போகக் கூப்பிடுகிறாள் என்று கீழே நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். மாடியில் அப்பா கம்பெனிப் போனைக் காதில் வைத்துக்கொண்டு, நானும் அம்மாவும் பேசுவதை இன்னும் ஒருமுறை கேட்கக் காத்திருந்தார் என்பது அப்போது எனக்குத் தெரியாது.