கண்ணாடிப் பெட்டியில் ஒளித்த பூசணிக்காய்

போன சனிக்கிழமை சாயங்காலம். தாராவியில் எங்கள் சந்துக்குள் நானும் என் மனைவி கோமதியும் ஒரு பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்து வந்தோம். முன்னால் கண்ணாடி, பக்கத்தில் கண்ணாடி. உயரத்தில் கேஸ் சிலிண்டருக்கு அண்ணன்.

குழாயடியில் நின்ற பாக்கியம் அக்கா பார்த்துவிட்டார்.

"என்னட்டி கோமதி, வடா பாவ் கடை போடப் போறியளா?"

"கம்ப்யூட்டர் பொட்டி, அக்கா."

"அதுக்கு எதுக்குட்டி இம்புட்டுக் கண்ணாடி? உள்ள என்ன, கல்யாணப் பொண்ணா உக்காரப் போறா?"

சந்தே சிரித்தது. கோமதி சிரிக்கவில்லை. அவளுக்கு அந்தக் கண்ணாடி விளையாட்டு இல்லை.

கோமதி, எம்பிராய்டரி மெஷின்களுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போட்டுத் தருகிறவள். எந்த இடத்தில் ஊசி இறங்க வேண்டும், எங்கே நூல் மாற வேண்டும்... எல்லாம் அவள் போடுகிறபடிதான். தொழிலில் இதைப் 'பஞ்சிங்' என்பார்கள். பார்த்துப் பார்த்துத் தானே கற்றுக்கொண்டாள். அவளுடைய பழைய கம்ப்யூட்டர், நாலு பக்கமும் மூடிய கறுப்புத் தகரப் பெட்டி. அடிக்கடி படுத்துவிடும். ரிப்பேர்க்காரர் தூக்கிக்கொண்டு போவார், இரண்டு நாளில் கொண்டுவருவார். போனதைவிட மெதுவாக ஓடும். உள்ளே எதைக் கழற்றினார், எதை மாட்டினார்? கேட்டால், "பாபிஜி, ஆப்கோ நை சம்ஜேகா" என்பார். உங்களுக்கெல்லாம் புரியாது என்று அர்த்தம்.

அந்த வார்த்தைதான் அவளைச் சுட்டது. போன மாதம் அந்தத் தகரப் பெட்டி ஒரேயடியாகக் கண்ணை மூடியதும் சொல்லிவிட்டாள்: "இனி எனக்குத் தெரியாம என் பொட்டிக்குள்ள ஒரு ஸ்க்ரூகூட இருக்கக் கூடாது. நானே மாட்டுதேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை மாடி அறையில் வேலை தொடங்கியது. எங்கள் மாடிக்குப் போவது படி அல்ல, செங்குத்தான இரும்பு ஏணி. கண்ணாடிக் கதவைத் தனியாகக் கழற்றிக் கீழிருந்து நான் நீட்ட, பச்சைக் குழந்தையை வாங்குவதுபோல் வாங்கிக் கட்டிலில் கம்பளி விரித்துப் படுக்கவைத்தாள். முனை டைல்ஸில் பட்டால் போதுமாம்... கல்கண்டாக உதிர்ந்துவிடுமாம்.

அவள் மேஸ்திரி, நான் சித்தாள். போதாததற்கு, ஞாயிற்றுக்கிழமைக் கறிச்சோற்றுக்காக ஆண்டாப் ஹில்லிலிருந்து வந்த அவளுடைய அண்ணன் சுடலைமுத்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து வர்ணனை வேறு.

"ஏட்டி, லாமிங்டன் ரோட்டுக் கடைக்காரனே மாட்டித் தந்துருப்பாம்லா? ஒனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை?"

"மாட்டித் தருவான்ணே. நாளைக்குக் கழட்டவும் அவன்ட்டதான போகணும்?"

வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து ஒவ்வொன்றாகப் பொருத்தினாள். பிராசஸர் என்று ஒரு சில்லு. அதுதான் மூளை. அதன் சூட்டை இழுக்க மேலே கூலர் உட்கார வேண்டும். இரண்டுக்கும் நடுவில் பற்பசை மாதிரி ஒரு பேஸ்ட். இவள் பட்டாணி அளவுதான் வைத்தாள்.

"இன்னும் கொஞ்சம் வையேன்" என்றேன்.

"ஆத்துல போட்டாலும் அளந்து போடணும். கூலரை எடுங்க. அடியில உள்ளத உரிச்சிட்டியளா?"

"ஆச்சு, ஆச்சு."

மத்தியானம் சுவிட்சைப் போட்டாள். கண்ணாடிக்குள் விசிறிகள் நீலமும் ஊதாவுமாகச் சுழன்றன. சுடலைமுத்தின் வாய் முதன்முறையாகச் சும்மா திறந்திருந்தது.

திரையின் மூலையில் சூட்டைக் காட்டும் ஓர் எண். நாற்பது... அறுபது... எண்பத்தைந்து... தொண்ணூற்றாறு... டப்! எல்லாம் அணைந்தது. மறுபடி போட்டாள். மறுபடி அதே கதை.

"நான் அப்பவே சொன்னம்லா? புலியப் பாத்துப் பூனை சூடு போட்டுக்கிட்ட கதையா..." என்றார் சுடலைமுத்து.

கோமதி ஸ்க்ரூ டிரைவரை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நாளைக்குக் காலையில பட்டறையில எட்டுத் தல எம்பிராய்டரி மெஷின் என் டிசைனுக்காக நிக்கும்ணே. எல்லாத்தையும் கருக்கிட்டேன் போல. அந்த ரிப்பேர்க்காரன் சொன்னது சரிதான்... எனக்கெல்லாம் நை சம்ஜேகா."

இந்த இடத்தில் உங்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் வந்து ஆறு வருடமாகிறது. கதவில் ஒட்டிவந்த நீல ஃபிலிம் இன்னும் இருக்கிறது, ஓரம் சுருண்டு, நடுவில் குமிழி குமிழியாக. டிவி ரிமோட்டுக்கும் பிளாஸ்டிக் உறை. பட்டன் எண்கூடத் தெரியாது. எல்லாம் என் உத்தரவு. உரித்துவிட்டால் பழசாகிவிடுமே! சிரிக்காதீர்கள்... உங்கள் வீட்டில் இல்லையா?

அந்தக் கூலரின் அடிப்பக்கம், முகம் பார்க்கலாம் போலப் பளபளவென்ற செம்பு. அதன்மேல் ஒரு மெல்லிய ஃபிலிம். அதில் ஏதோ பொடி எழுத்து. மூக்குக்கண்ணாடி இல்லாமல் யார் வாசிப்பது? கீறல் விழாமல் இருக்கத்தானே ஒட்டியிருக்கிறான், இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். மேல் கவரை உரித்ததைத்தான் 'ஆச்சு' என்றேன். சூடு கூலருக்கு ஏறாமல் வழியை மறித்தது அந்த ஃபிலிம்தான் போல.

சொல்லவா, வேண்டாமா? எதிரே மைத்துனர், அதுவும் மீசையைத் தடவிக்கொண்டு. அவர் கிளம்பியதும் சத்தமில்லாமல் உரித்துவிட்டால் என்ன? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். நான் கண்ணாடிப் பெட்டியிலேயே மறைத்திருந்தேன்! எல்லாம் தெரிகிற அந்தப் பெட்டியில், கண்ணுக்குத் தெரியாத ஒரே இடம் அந்த இரண்டு அங்குலம்தான்.

ஆனால் கோமதியின் முகத்தைப் பார்த்தேன். நாலு வருடம் அவள் தானாகக் கற்றதெல்லாம் அந்த முகத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது.

"கோமதி... அந்தக் கூலர் ஃபிலிமை நான் உரிக்கல."

"என்னது?"

"புதுசா இருக்கேன்னு..."

ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். நாலு ஸ்க்ரூவைக் கழற்றினாள். கூலரைத் தூக்கினாள். பேஸ்ட் அப்பிய அந்த ஃபிலிமை இரண்டு விரலால் உரித்து என் முன்னால் நீட்டினாள்.

"இந்தாங்க. ஃபிரிட்ஜுல ஒட்டி வச்சுக்கோங்க."

முதலில் வெடித்தது சுடலைமுத்துதான். "அட மாப்ள! எந்தங்கச்சிக்குத்தான் தெரியலையோன்னு நெனச்சுட்டனே வே!" அடுத்து அவளும் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

துடைத்து, புது பேஸ்ட் வைத்து, மாட்டி, சுவிட்ச். கிரிக்கெட் ஸ்கோரைப் பார்ப்பதுபோல் மூன்று பேரும் அந்த எண்ணையே பார்த்தோம். நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு. பத்து நிமிடம் கழித்தும் நாற்பத்திரண்டு! அப்பாடா.

"கருகலையாட்டி?" என்றார் அண்ணன்.

"சூடு தாங்கலன்னா தானா அணைஞ்சுக்கிடுமாம்ணே. அதான் தப்பிச்சுது."

"மனுசனுக்கும் அப்படி ஒண்ணு வச்சுருக்கலாம்" என்றார். ஆறிப்போன கறிச்சோறு அன்றைக்கு அத்தனை ருசி.

திங்கட்கிழமை பட்டறை மெஷின் கோமதியின் மயில் டிசைனைத் தைத்துத் தள்ளியது. பாக்கியம் அக்கா ஏணியேறி வந்து பார்த்துவிட்டு, "கல்யாணப் பொண்ணு கெணக்காதாம்ட்டி இருக்கு" என்று சொல்லிப்போனார்.

காப்பாற்றுகிறேன் என்று நாம் ஒட்டிவைக்கிற எத்தனையோ உறைகள், உள்ளே சூட்டைத்தான் சேர்த்துவைக்கின்றனவோ?

அன்று சாயங்காலம் மனதைக் கல்லாக்கிக்கொண்டு ஃபிரிட்ஜ் ஃபிலிமை உரித்தேன். உள்ளே பளீரென்று ஒரு புது ஃபிரிட்ஜ்! ஆறு வருடமாக நாங்கள் அதைப் பார்த்ததே இல்லை.

ரிமோட்டின் உறை மட்டும் இருக்கிறது. ஒரே வாரத்தில் ஒரு மனிதன் எவ்வளவுதான் திருந்துவான்?